கல்லில் நூலா? கையில் நூலா?

ஒரு நூலை மதிப்பது எவ்வாறு? படிப்பதாலா, பிறரைப் படிக்கச் செய்வதாலா, அன்றி அதன் பெயரால் ஒரு கல்லை நிறுத்துவதாலா?

இவ்வினா இன்று நம் பகுதியில் எழுந்துள்ளது. வையம்பட்டிச் சுற்று வட்டாரத்து இளைஞர் சிலர், ஊர் கூடி நன்கொடை திரட்டி, சிறுவர் நூலாகிய ஆத்திசூடிக்குச் சாலையோரத்தில் ஒரு சிற்பம் எழுப்பலாமென்று பேசி வருகின்றனர். ஔவை மூதாட்டி அமர்ந்திருக்க, ஏடும் கையுமாய்ப் பிள்ளைகள் சூழ்ந்திருக்கும் கோலம் அவர்கள் மனத்தில் இருக்கின்றது. நம் சமுதாயத்து வணிகர்களிடமும், அயல்நாடுகளில் உழைப்போரிடமும் இதற்குப் பொருள் கேட்கலாமா என்று நம்மிடமும் வினவினர். நம் மறுமொழி இதுவே: பொருள் திரட்டுக, சிற்பம் எழுப்பற்க.

இதனைக் கேட்டதும் இரு சாரார் இரு வகையாகக் கருதக்கூடும். ஒரு சாரார், "மௌலவி வேறென்ன சொல்வார்? உருவம் கூடாதென்பது அவர் மார்க்கம்" என்று புன்னகைத்து அகல்வர். மற்றொரு சாரார், நம் மஹல்லாவைச் சார்ந்தோர், "நல்ல வேளை, நம் பணம் தப்பிற்று" என்று பையின் வாயை இறுக்கிக் கட்டுவர். இவ்விரு சாராரோடும் நமக்கு வழக்குண்டு. முன்னவரோடு உள்ள வழக்குச் சிறிது. பின்னவரோடு உள்ளதே பெரிது.

மார்க்கம் மறுப்பது எதனை?

முதலில் மார்க்கத்தின் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். திருக்குர்ஆனின் நூஹ் அத்தியாயத்தில் வத்து, சுவாவு, யகூஸ், யவூக், நஸ்ர் என ஐந்து பெயர்கள் வருகின்றன. இவர்கள் யாவர் என்பதற்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அளித்த விளக்கம் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இவர்கள் நூஹ் நபியின் சமூகத்தில் வாழ்ந்த நல்லோர். இவர்கள் மறைந்தபின், இவர்கள் அமர்ந்திருந்த இடங்களில் மக்கள் உருவங்களை நிறுவி இவர்தம் பெயர்களையே சூட்டினர். நிறுவியவர்கள் அவற்றை வணங்கவில்லை. நிறுவியோரும் மறைந்து, அறிவும் மறைந்தொழிந்த பின்னரே வணக்கம் தொடங்கிற்று.

இவ்விளக்கத்தில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய சொல் "அறிவு மறைந்த பின்னர்" என்பதாம். நினைவுச் சின்னம் நிற்கின்றது; எதனை நினைக்க அஃது எழுந்ததோ அந்த அறிவு போய்விட்டது. எஞ்சியது கல்லும் பெயருமே. மார்க்கத்தின் அச்சம் இதுவே. இவ்வச்சம் ஒரு நூலுக்குப் பொருந்துவது போல வேறெதற்கும் பொருந்தாது. ஏனெனில், நூல் என்பதே அறிவுதான். படிக்கப்படாத நூலின் பெயரால் நிற்கும் சிற்பம், அந்நூல் மறக்கப்பட்டதற்குச் சாட்சியாகவே நிற்கும்.

இதனால் மார்க்கம் பிள்ளைகளின் மகிழ்ச்சிக்குப் பகை என்று எவரும் எண்ண வேண்டா. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இளமையில் பொம்மைகள் வைத்து விளையாடியதையும், அவற்றுள் சிறகு வைத்த குதிரையொன்று இருந்ததையும், சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுண்டு என்று அவர் சொல்லக் கேட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வாய்விட்டுச் சிரித்ததையும் ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. சட்ட அறிஞர் பலர் இதனைக் கொண்டே சிறுவர்க்குரிய விளையாட்டுப் பொம்மைகளுக்கு இடம் தந்தனர். எனவே, பிள்ளைகளின் கதைப் புத்தகத்தில் படமிருத்தலாகாதென்று வாதாட நாம் வரவில்லை.

விலங்குகள் பேசும் கதைகளையும் முஸ்லிம் உலகம் வெறுத்ததில்லை. நம் நாட்டுப் பஞ்சதந்திரம் பாரசீகத்தின் பழைய மொழியாகிய பஹ்லவிக்குச் சென்றது. அங்கிருந்து எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அதனை அரபியாக்கி, 'கலீலா வ திம்னா' எனத் தந்தார். அரபு உரைநடையின் அழகுக்கு அந்நூலை இன்றளவும் எடுத்துக்காட்டுவர். ஓவியம் தீட்டிய படிகளும் அதற்கு உண்டு. அரபியிலிருந்து அது 1251-இல் ஸ்பானிய மொழிக்குச் சென்றது. ஐரோப்பாவின் பிற மொழிகளிலும் பரவிற்று. அந்நரிகள் இரண்டுக்கும் பாக்தாதில் எவரும் சிலை வைத்துப் போற்றவில்லை. படியெடுத்தார்கள்; மொழிபெயர்த்தார்கள்; பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நூல் பிழைத்தது.

மெரினாவின் பாடம்

சிலையை விரும்புவோர் நம்முன் வைக்கும் பெருஞ்சான்று சென்னைக் கடற்கரை. 1968 ஜனவரியில், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி, அங்கே பத்துச் சிலைகள் திறக்கப்பட்டன: திருவள்ளுவர், ஔவையார், கம்பர், வீரமாமுனிவர், ஜி.யு. போப், கால்டுவெல், பாரதியார், பாரதிதாசன், வ.உ. சிதம்பரனார், கண்ணகி. "இப்பதின்மருள் ஒரு முஸ்லிம் புலவரும் இல்லையே! சிலை வேண்டாமென்று ஒதுங்கியதால் வரிசையில் நம் இடம் போயிற்றே!" என்று நம்மவருள் சிலரே குறைப்பட்டுக் கொள்வதுண்டு.

இக்குறையை ஆராய்வோம். அப்பத்துப் பேருள் சிறுவர் உலகுக்கு நூல் தந்தவர் மூவர் உளர். ஔவையின் ஆத்திசூடி முதலாவது. பாரதியின் பாப்பாப் பாட்டு இரண்டாவது. மூன்றாவதாக வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை. இத்தாலி நாட்டிலிருந்து வந்து, நம் திருச்சிராப்பள்ளிச் சீமையில் வாழ்ந்து, அந்நாள் இங்கு ஆட்சி செலுத்திய சந்தா சாகிபின் ஆதரவையும் பெற்ற பாதிரியார் எழுதிய கதை அது. 1822-இல் இலண்டனில் அச்சேறியது. மண்டூக குருவையும் அவருடைய ஐந்து மடச் சீடர்களையும் எண்ணிச் சிரிக்காத தமிழ்க் குழந்தை முற்காலத்தில் இல்லை. இன்றோ, கடற்கரையில் அம்முனிவர் சிலையைக் கடந்து சுண்டல் தின்றுகொண்டு போகும் பிள்ளைகளை நிறுத்தி, இவர் எழுதிய கதை யாதென்று கேளுங்கள். விடையறிந்த பிள்ளை எத்துணை அரியது என்பதை நீங்களே காண்பீர்கள். சிலை நிற்கின்றது, குருவும் சீடரும் ஆற்றோடு போய்விட்டனர்.

இனி, அவ்வரிசையில் இல்லாத உமறுப் புலவரை எடுத்துக் கொள்வோம். அவர் பாடிய சீறாப்புராணம் 5027 பாடல்களைக் கொண்டது. ஏட்டில் கிடந்த அந்நூலை 1842-இல் அச்சேற்றியவர் சேகு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம். அவ்வாலிம் ஊர் ஊராக நிதி திரட்டிப் புலவருக்கு ஓர் உருவம் எழுப்பியிருந்தால் இன்று என்ன எஞ்சியிருக்கும்? முகமறியாத ஒருவரின் கற்பனை முகமே எஞ்சியிருக்கும். அச்சேற்றியதால், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் எஞ்சின. புலவரின் அடக்கத்தலம் எட்டயபுரத்தில் உள்ளது. 2007-இல் அரசு அவருக்கு அங்கே மணிமண்டபமும் திறந்தது. நாம் அதனைக் குறைகூறவில்லை. ஆயினும், மண்டபம் எழ வேண்டுமென்று எவரேனும் நினைத்ததே, 1842-இல் ஏறிய அச்சினால் அன்றோ?

இன்னுமொன்று. அந்நூல் முழுவதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பாடுகின்றது. தமிழ் முஸ்லிம் வீடு எதிலும் நாயகத்தின் உருவப்படம் இருந்ததில்லை, இருக்கவும் முடியாது. ஆயினும், முந்நூறு ஆண்டுகளாக அவர்மீது கொண்ட நேசம் நம் வீடுகளில் குன்றவில்லை. உருவமின்றி நேசத்தைத் தலைமுறைதோறும் கைமாற்ற இயலும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா? சொல் ஒன்றே அதனைச் செய்தது.

வரிசை மாறலாகாது

"மேனாடுகளில் சிறுவர் நூல்களுக்குச் சிற்பம் எழுப்பியுள்ளனரே, பிள்ளைகள் அவற்றைத் தொட்டும் தழுவியும் மகிழ்கின்றனரே" என்று படித்த இளைஞர்கள் கேட்கின்றனர். உண்மை. இலண்டன் கென்சிங்டன் பூங்காவில் பீட்டர் பேன் என்னும் கதைச் சிறுவனுக்கு 1912-இல் வெண்கலச் சிலை எழுந்தது. நியூயார்க் நடுப் பூங்காவில் ஆலிஸ் என்னும் சிறுமிக்கு 1959-இல் எழுந்தது. பாஸ்டன் நகரப் பூங்காவில், ஒரு தாய் வாத்தும் எட்டுக் குஞ்சுகளும் வரிசையாக நடப்பது போன்ற வெண்கலச் சிற்பம் 1987-இல் அமைந்தது; ராபர்ட் மெக்கிளாஸ்கி 1941-இல் வரைந்து எழுதிய வாத்துக் குஞ்சுகளின் கதைக்குச் செய்த சிறப்பு அது.

இவற்றின் வரலாற்றைச் சற்றே துருவிப் பாருங்கள். பீட்டர் பேன் சிலைக்கு ஊர்ப்பணம் திரட்டவில்லை. கதையெழுதிய பாரி என்பவரே தம் செலவில் செய்வித்தார். நியூயார்க்கின் ஆலிஸ் சிலை, டெலகோர்ட் என்னும் செல்வர் தம் மறைந்த மனைவியின் நினைவாகக் கொடுத்தது. பாஸ்டனின் கணக்கோ நமக்கு மிகத் தேவையானது. அந்நகரின் பொது நூலகம் 1854-இல் திறக்கப்பட்டது. 1895-இல் அந்நூலகத்தில் சிறுவர்க்கெனத் தனியறை ஒன்று ஒதுக்கினர். வாத்துக் கதை வெளிவந்தது 1941-இல். சிற்பம் எழுந்தது 1987-இல். அதாவது, சிறுவர் உட்கார்ந்து படிக்க அறை கொடுத்து 92 ஆண்டுகள் கழிந்தபின், அக்கதை வெளிவந்து 46 ஆண்டுகள் கழிந்தபின், அதனைப் படித்து வளர்ந்தோர் தம் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டிய பின்னர், வெண்கல வாத்து வந்தது.

முதலில் அறை, பிறகு நூல், அதன்பின் வாசகர், கடைசியில் சிற்பம். அவர்கள் செய்த வரிசை இது. நம் இளைஞர்கள் கடைசிப் படியில் முதற்காலை வைக்கக் கேட்கின்றனர். உருவத்தைப் பற்றிய மார்க்கத் தடையை ஒருபுறம் வைத்துவிட்டுக் கேட்போரும் இவ்வினாவுக்கு விடை சொல்ல வேண்டும்: வையம்பட்டி ஒன்றியத்துச் சிற்றூர்ப் பிள்ளை ஒன்று, தனக்கே உரியதென்று சொல்லிக்கொள்ளப் பாடநூலல்லாத ஒரு புத்தகத்தையேனும் கையில் வைத்திருக்கின்றதா?

நம் தமிழகத்திலேயே இவ்விரு வழிகளும் ஒரே புலவர்பொருட்டு நிகழ்ந்ததுண்டு. எட்டயபுரத்தில் பாரதி மண்டபம் எழுப்ப, 'கல்கி' இதழின் ஆசிரியர் வாசகர்களிடம் நிதி கேட்டார். சிறியோரும் பெரியோரும் அள்ளிக் கொடுத்தனர். 1945-இல் கால்கோள் இட்டு, 1947-இல் மண்டபம் திறந்தனர். இதழொன்று மக்களிடம் பொருள் திரட்டி நிறைவேற்றிய அப்பணி போற்றத்தக்கதே. ஆயினும், 1949-இல் மற்றொன்று நிகழ்ந்தது. பாரதி நூல்களின் உரிமை தனியார் கையிலிருந்து அரசின் கைக்கு வந்தது. பின்னர் மக்கள் அனைவர்க்கும் பொதுவாயிற்று. எவரும் அச்சிடலாம், எவரும் பாடலாம் என்னும் நிலை பிறந்தது. மலிவுப் பதிப்புகள் பெருகின. மண்டபத்தைக் கண்டவர் எட்டயபுரம் சென்றவர் மட்டுமே. பாட்டோ, நாட்டின் மூலை முடுக்கெல்லாம் பிள்ளைகளின் வாயில் ஏறிற்று. இவ்விரண்டில் பாரதிக்கு எது பெரிய சிறப்பு?

ஆத்திசூடிக்கும் இவ்வழியிலேயே சிறப்புச் செய்தோர் உளர். பாரதி 'புதிய ஆத்திசூடி' பாடினார். பாரதிதாசனும் ஓர் ஆத்திசூடி பாடினார். நூலுக்கு நூலால் செய்த மரியாதை இது. நம்முள் கவிபாட வல்லார்க்கு இவ்வழி இன்றும் திறந்தே உள்ளது.

கூண்டும் சட்டமும்

சிலையின் நடைமுறைத் துன்பங்களை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் பொதுப் பயன்பாட்டு இடங்களிலும் சிலை நிறுவ மாநில அரசுகள் அனுமதி தரலாகாதென்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எனவே, திருச்சி–திண்டுக்கல் சாலையோரத்தில் சிற்பம் என்னும் திட்டம் தொடக்கத்திலேயே இடறும். நிறுவிய சிலைகளின் கதியைத்தான் நாம் காண்கின்றோமே! கலவரத்துக்கு அஞ்சி இரும்புக் கூண்டுக்குள் அடைபட்ட தலைவர்கள் எத்தனை ஊர்களில் நிற்கின்றனர்? மெரினாவின் கண்ணகி சிலையே 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு, ஆட்சி மாறிய பின் 2006 ஜூனில்தானே திரும்பி வந்தது? சிலப்பதிகாரத்தை அவ்வாறு எவராலும் அகற்ற முடிந்ததா? ஒரு சிலை ஓரிடத்தில் நிற்கும். ஆதலால் ஓரிரவில் பெயர்க்கலாம். ஆயிரம் வீடுகளில் இருக்கும் நூலை எந்த இரவில், எந்த வண்டியில் ஏற்றுவது?

நம்மவரோடு உள்ள வழக்கு

இதுவரை சொன்னதைக் கேட்டுத் தலையசைத்த மஹல்லாப் பெரியோர்களே, இனிச் சொல்வது உங்களுக்கு.

சிலை வேண்டாமென்று சொல்ல உங்களுக்கு உரிமையுண்டு. ஆனால், அவ்வாறு சொல்பவர்மீது பிறர்க்கில்லாத ஒரு கடன் ஏறுகின்றது. கல்லால் நினைவு கூராதவன், நூலால் நினைவு கூர வேண்டும். இரண்டையும் செய்யாதவனுக்குப் பெயர் தவ்ஹீதுப் பற்றாளன் அன்று, கருமி என்பதே.

உருவம் எழுப்புவது வீண் விரயம் என்று மிம்பரடியில் அமர்ந்து பேசுவோர், அடுத்த ஊர் மினாராவைவிட நம் மினாரா பத்தடி உயர வேண்டுமென்று வசூல் புத்தகம் அச்சடிப்பதைக் காண்கின்றோம். நிக்காஹ் விருந்தில் உண்டது போக எஞ்சிய சோறு அண்டா அண்டாவாகக் குழியில் கொட்டப்படுவதைக் காண்கின்றோம். மணமக்களின் படத்தை ஆளுயரத்துக்கு அச்சிட்டுத் தெருமுனையில் கட்டுவோரும் இதே மஹல்லாவினரே. அங்கே உருவத்தைப் பற்றிய மார்க்கச் சட்டம் எங்கே போயிற்று? ஒரு சிறுவர் நூலகத்துக்கு நூறு ரூபாய் கேட்டால் மட்டும், "ஜமாஅத் கூடி முடிவு செய்வோம்" என்னும் சொல் பிறக்கின்றது.

நம் வீட்டு நூல்களுக்கு நேர்ந்தது என்ன? அரபுத் தமிழில் எழுதிய மாலைகளும், கிஸ்ஸாக்களும், மஸ்அலாக்களும் ஒரு காலத்தில் நம் தாய்மாரின் கைகளில் இருந்தன. விளக்கு வைத்தபின் பாட்டிமார் இராகத்தோடு படிக்க, பிள்ளைகள் மடியில் கிடந்து கேட்டனர். அந்நூல்களுக்கு எவரும் சிலை வைக்கவில்லை. வைக்காததால் அவை அழியவுமில்லை. படிப்பார் அற்றதால் அழிந்தன. அவ்வெழுத்தை வாசிக்க வல்லார் நம்முள் அருகிவிட்டனர். பரணிலிருந்து இறக்கினால் கரையான் அரித்த தாளே கையில் உதிர்கின்றது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொன்ன "அறிவு மறைதல்", உருவமே இல்லாத நம் வீட்டுக்குள்ளும் நிகழ்ந்துவிட்டது! உருவத்தைத் தவிர்த்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டுவதில்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். மணப்பாறையைக் குறிக்கும் 'மணவை' என்னும் ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு தமிழுலகெங்கும் கொண்டு சென்ற மணவை முஸ்தபா அவர்கள் 2017-இல் மறைந்தார்கள். யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பைப் பல்லாண்டுகள் நடத்தியவர். அறிவியல் தமிழுக்குக் கலைச்சொற்களை அள்ளித் தந்தவர். அவர் பிள்ளைகளுக்கென்றே 'சிறுவர் கலைக்களஞ்சியம்' என ஒரு நூல் எழுதினார். மணப்பாறை வட்டத்து முஸ்லிம் வீடுகள் எத்தனையில் அந்நூல் இருக்கின்றது? இறையருட் கவிமணி கா. அப்துல் கபூர் அவர்கள் சிறுவர்க்காகப் பாடிய 'அரும்பூ'வை நம் மக்தப் பிள்ளைகளுள் எத்தனை பேர் பாடக் கேட்டிருக்கின்றோம்? பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையின் இராயவரத்தில் பிறந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா 1944-இல் வெளியிட்ட 'மலரும் உள்ளம்' நம் பிள்ளைகளின் காதில் விழுந்ததுண்டா? ஊர்ப்பெருமை பேசும்போது இவர்கள் பெயரைச் சொல்வோர், இவர்கள் நூலை வாங்கியதில்லை. கல்லில் பெயர் பொறிப்பதற்கும், நூலை வாங்காமல் பெயரை மட்டும் பேசுவதற்கும் வேறுபாடு பெரிதன்று.

"ஆத்திசூடி நம் நூலன்றே, அதன் கடவுள் வாழ்த்து நமக்கு உடன்பாடன்றே" என்பார்க்கும் ஒரு சொல். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதித் தமிழ் கற்ற நம் முன்னோர், நம்பிக்கையை வீட்டிலும் பள்ளிவாசலிலும் காத்துக்கொண்டு, ஈகையும் பொறையும் கல்வியும் உணர்த்தும் அடிகளை அங்கே மனப்பாடம் செய்தனர். அதனால் அவர்கள் ஈமான் குறைந்ததில்லை. அவர்கள் தமிழ் வளர்ந்தது. உமறு போன்ற புலவர்கள் தோன்றியது அத்தகைய தமிழ்ப் பயிற்சியினால்தான்.

திரட்டும் பொருளை என் செய்வது?

மறுப்பதோடு நிறுத்துவது நம் நோக்கமன்று. திரட்டுக என்று சொன்னோம், எதற்கென்று சொல்லுவோம்.

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில் (கி.பி. 624) பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளை விடுவிக்க, அவரவர் வசதிக்கேற்ப நாலாயிரம் திர்ஹம் வரை மீட்புத்தொகை கேட்டனர். அப்போது மதீனத்து முஸ்லிம்கள் வறுமையில் இருந்தவர்கள்; அவர்களுக்குப் பணத்தின் தேவை மிகுதி. ஆயினும், பணமில்லாது எழுத்தறிவு மட்டும் உடைய கைதி, மதீனத்துச் சிறுவர் பதின்மருக்கு எழுதக் கற்பித்தால் அதுவே அவன் மீட்புத்தொகை என்று நாயகம் (ஸல்) அவர்கள் முடிவு செய்தார்கள். அவ்வாறு கற்றோருள் ஒருவர் ஸைத் பின் ஸாபித் (ரலி) என இப்னு ஸஅத் குறிக்கின்றார். அச்சிறுவரே பின்னாளில் அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆணைப்படி திருக்குர்ஆனை ஒன்று திரட்டி எழுதினார். பிள்ளையின் எழுத்தறிவில் செலவிட்ட பொருள் எங்குச் சென்று பலித்தது, பாருங்கள்!

வக்ஃபு என்றால் நிலமும் கட்டடமும் மட்டுமே என்று நம்மவர் எண்ணுகின்றனர். நம் திருச்சிப் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் ஹிதாயா நூலைத் திறந்து பார்க்கட்டும். வழக்கத்தில் உள்ள அசையும் பொருள்களை வக்ஃபு செய்யலாமென்பது இமாம் முஹம்மது அவர்களின் தீர்ப்பு. நுஸைர் பின் யஹ்யா என்னும் அறிஞர், குர்ஆன் படிகளை வக்ஃபு செய்யும் வழக்கத்தோடு ஒப்பிட்டுத் தம் நூல்களையெல்லாம் வக்ஃபு செய்தார் என்பதும் அங்கேயே உள்ளது. நூலை வக்ஃபு செய்தல் நம் சட்டத்தில் பழைய வழி. நாம் மறந்த வழி. 2025 சட்டத் திருத்தத்துக்குப்பின் எழுத்தாலான ஆவணமின்றி வக்ஃபு ஏற்படாது. ஆதலால், வழக்கறிஞரைக் கொண்டு முறையாகப் பத்திரம் எழுதிக் கொள்க.

கணக்கையும் பார்ப்போம். சிற்பத்துக்கென்று பத்து இலட்சம் ரூபாய் திரண்டதென வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய் விலையுள்ள நூல் அதில் பதினாயிரம் வாங்கலாம். ஒரேயடியாகச் செலவிட வேண்டாமெனில், அப்பொருளில் கடையறை கட்டி, மாதம் ஐயாயிரம் ரூபாய் வாடகை வந்தால், ஆண்டுக்கு அறுபதினாயிரம். ஆண்டுதோறும் அறுநூறு நூல்கள். சிற்பத்துக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூச வேண்டும்; இதுவோ ஆண்டுதோறும் நூல் ஈனும்.

பிற சமயத்து அன்பர்களும் கொடுக்கும் பொருளை அரசுப் பொது நூலகத்தின் வழியே செலவிடலாம். 1948-ஆம் ஆண்டின் நூலகச் சட்டத்தின்படி நாமெல்லாம் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகின்றோம்; அந்நூலகம் நம் உடைமை. ஆயிரம் ரூபாய் செலுத்தினால் அங்கே புரவலர் ஆகலாம். நம் மஹல்லாவில் புரவலர் எத்தனை பேர் என்று இந்த வெள்ளிக்கிழமையே எண்ணிப் பாருங்கள்.

நூலகத்துக்கு வர இயலாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கும் வழியுண்டு. 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். மாட்டுச் சந்தைக்குப் பேர்போன மணப்பாறைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, வண்டிக்கு வழியில்லை என்று நாம் சொல்லலாமா? இன்று மாடும் வேண்டா. ஒரு சிறு மூடுந்து போதும். மானாவாரிக் காட்டு வேலைக்குப் பெற்றோர் போய்விட, மாலையில் தெருவில் நிற்கும் பிள்ளைகளிடம் வாரம் ஒரு முறை அது செல்லட்டும். எந்தத் தெரு, எந்தச் சமயம் என்று பாராமல் செல்லட்டும். படித்த நம் பெண்கள் அதனைப் பொறுப்பேற்று நடத்தட்டும். கதை படித்துக் காட்டுவதில் அவர்களுக்கு நிகர் எவருமில்லை. பரணில் எஞ்சிய அரபுத் தமிழ் நூல்களைத் தமிழ் எழுத்தில் பெயர்த்துச் சிறுவர் பதிப்பாக வெளியிடும் பணியையும் இந்நிதியே தாங்கட்டும்.

இளைஞர்களுக்கு இறுதியாக ஒன்று சொல்வோம். உங்கள் நோக்கம் தூயது. ஒரு சிறுவர் நூலின்மீது நீங்கள் கொண்ட நேசம் பெரியது. அந்நேசம் இல்லாத பெரியோரைவிட நீங்களே நமக்கு நெருக்கமானவர்கள். வசூல் புத்தகத்தை மடித்து வைத்துவிட வேண்டா. அதன் மேலட்டையில் உள்ள "சிற்பம்" என்னும் ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டு, "நூல்" என்று எழுதுங்கள். எழுதியபின் முதல் வீடாக உங்கள் மஹல்லாவின் முத்தவல்லி வீட்டுக்குச் செல்லுங்கள். சிலை வேண்டாமென்று உரத்துச் சொன்னவர் அவரே. ஆதலால் முதற்கடன் அவருடையதே. அவர் கொடுத்த தொகையைப் பார்த்து, மற்றவர் தம் கடனை அறிந்து கொள்வர்.

ஓதுக என்னும் கட்டளையோடு தன் மறையைத் தொடங்கிய அல்லாஹ், நம் பிள்ளைகளின் கைகளை நூல்களால் நிறைப்பானாக. ஆமீன்.